கேட்டதற்கு மட்டும்

சேச்சியிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது எங்கள் தீவில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்காவிட்டால் நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. ஊமை என்று நினைத்து வெளியாள் யாராவது இரக்கப்பட்டு, "சுகம்தானா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "மூட்டு வலிக்குது. நேத்து வயித்தால போச்சு. இன்னைக்கு இல்ல" என்பாள். கேட்டவர் படகு வரும் திசையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அம்மா அவளைச் சேச்சி என்று கூப்பிட்டதால் எனக்கும் அவள் சேச்சிதான். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவளுடையது. நடுவில் ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் சந்து. எங்களுடையது கொஞ்சம் மேடு, அவளுடையது பள்ளம். அந்த ஒன்றரை அடி வித்தியாசத்தில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

தீவு என்றதும் தென்னை மரமும் படகு வீடும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து சின்னப் படகில் கால் மணி நேரம். துறைமுகத்துக்காகக் காயல் என்ற உப்பங்கழியைத் தோண்டிய மண்ணைக் கொட்டி வெலிங்டன் தீவை உண்டாக்கினார்கள் அல்லவா, அந்த மண்ணைச் சுமக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் நாங்கள். தீவையே உண்டாக்கியவர்களுக்கு அதில் ஒரு முழம் கிடைக்கவில்லை. யாருக்கும் வேண்டாத ஒரு சதுப்புத் துண்டில் குடிசை போட்டார்கள். வீட்டுக்குள் தமிழ், படகில் ஏறினால் மலையாளம். இரண்டும் கலந்து இரண்டும் உருப்படாத ஒரு பாஷை எங்களுடையது. தண்ணீரை வெள்ளம் என்போம், ஏறுவதைக் கேறுவது என்போம். கார்த்திகைக்கு நேரான விருச்சிக மாதம் பிறந்தால் காயல் பொங்கி வீட்டுக்குள் வரும். அதற்கு வேலியேத்தம் என்று பெயர். மழையே இல்லாமல், நல்ல வெயிலில், அடுப்படிக்குள் உப்புத்தண்ணீர் ஏறி நிற்பதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தது ஆவணியில். வேலியேத்தம் இல்லாத மாதம் பார்த்து அப்பா வரச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை தோப்பும்படியில் மெக்கானிக். எல்லாம் பேசி முடித்து, பழம் பாக்கு வைத்து, திரும்பப் போகப் படகுக்குக் காத்திருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் மாமா பக்கத்தில் நின்ற சேச்சியிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இங்க வெள்ளம் கேறும்னு சொல்றாங்களே, இவங்க வீட்ல எப்படி?"

"படி வரைக்கும் வரும். உள்ள வராது. கக்கூஸ் முங்கிடும்."

"முங்கிட்டா?"

"ஆம்பளைங்க படகுல போவாங்க. பொம்பளைங்க அடக்கிட்டு இருப்பாங்க."

வைத்த பழம் அழுகுவதற்குள் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் வந்தது. அம்மா சந்தில் இறங்கி நின்று கத்தினாள். "வெள்ளமே வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாய் வெந்தா போயிரும்?"

"வருதே" என்றாள் சேச்சி. மன்னிப்பும் இல்லை, வீம்பும் இல்லை. மணி கேட்டவரிடம் மணி சொல்வது போலச் சொன்னாள். அதுதான் அம்மாவை இன்னும் எரித்தது.

அக்காவைப் பிறகு மதுரைப் பக்கம் ரெண்டாந்தாரமாகக் கொடுத்தோம். சேச்சியின் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறான் என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. அப்பா மட்டாஞ்சேரி பஜாரில் மிளகாய் மூட்டை தூக்குகிறவர், கொஞ்சம் நியாயம் பேசுவார். "யதார்த்தவாதி வெகுஜன விரோதி, விடு" என்பார். அம்மா விடமாட்டாள். "அரிச்சந்திரன் உண்மை பேசினான். சுடுகாட்டுக்குப் போனது யாரு, அவன் பொண்டாட்டி பிள்ளைதானே" என்பாள். எனக்கு அப்போது அம்மா பேசுவதுதான் நியாயமாகப் பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான்.

சேச்சி வேலை செய்த பீலிங் ஷெட்டிலும் இதே கதை. இறால் தோடு உரித்துப் பேசின் பாத்திரத்தில் நிறைத்து எடை போடுவார்கள். எல்லாப் பெண்களும் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் தூக்குவார்கள், அது ஊரறிந்த விஷயம். ஒரு நாள் புது சூப்பர்வைசர் சும்மா வாய் வார்த்தைக்கு, "நல்லா வடிச்சுத்தானே வைக்கிறீங்க?" என்று கேட்டான். முப்பது தலை ஆடியது. சேச்சி, "இல்ல. வெள்ளத்தோடதான் வைக்கிறோம். நானும்தான்" என்றாள். மறுநாள் பேசினுக்குப் பதில் ஓட்டைக் கூடை வந்தது. அதன் பிறகு ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. அவள் ஏன் என்று கேட்கவும் இல்லை. கேள்வி கேட்கும் பழக்கமே அவளுக்குக் கிடையாது.

அவள் புருஷன் செத்தபோது துக்கம் கேட்க வந்த பெரியவர் ஒருவர் வழக்கம் போல, "நல்ல மனுஷன், உன்னை நல்லாத்தானே வச்சிருந்தார்?" என்றார். பிணம் நடுவில் கிடக்கிறது. "குடிச்சா அடிப்பார். குடிக்காத நாள்ல காலைப் பிடிச்சு விடுவார்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். நான் பின்னால் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன்.

இப்படிப்பட்டவளிடம்தான் யூனிவர்சிட்டி வந்து கேள்வி கேட்டது.

எங்கள் தீவுக்கு யூனிவர்சிட்டி புதிதில்லை. நண்டை அளக்க ஒருவர் வந்தார். தாலாட்டைப் பதிவு செய்ய ஒருத்தி வந்தாள். நீங்கள் தமிழரா மலையாளியா என்று கேட்டு எழுதிக்கொண்டு ஒரு கூட்டமே வந்தது. முட்டளவு தண்ணீரில் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள், போவார்கள். எங்களை வைத்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் ஒரு படகு நிறைய இருப்பார்கள். எங்களில் காலேஜ் படியை மிதித்தது நான் ஒருத்தி.

கடைசியாக வந்த மேடம் வித்தியாசமானவர். வெறுங்கையோடு வரவில்லை, வீட்டுக்கு ஒரு காலண்டர் கொண்டுவந்தார். தேதிக்கட்டத்தில் புள்ளி வைக்க வேண்டும். முற்றத்தில் வெள்ளம் வந்தால் நீலம், படி நனைந்தால் மஞ்சள், வீட்டுக்குள் ஏறினால் சிவப்பு. பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம். "அக்கம்பக்கத்து வீடுகளில் நீங்கள் கண்டதையும் இதில் எழுதுங்கள்" என்றார். ஒரு பருவம் முழுவதும் எழுத வேண்டும். வெள்ளம் உள்ளே ஏறும் வீடுகள் எவை என்று யூனிவர்சிட்டி அறிக்கை கொடுக்கும், அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் அரசாங்கம் மட்டாஞ்சேரியில் கட்டும் ஃப்ளாட்டில் இடம் தரும் என்றார். மலையாளமும் தமிழும் தெரிந்தவள், டிகிரி முடித்தவள் என்று என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார். கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார். அந்த அட்டையை நான் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினேன்.

ஃப்ளாட் என்றதும் தீவில் சிவப்புப் பேனாவுக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. தினமும் யார் புள்ளி வைப்பார்கள்? மேடம் மாதம் ஒருமுறை வருவதற்கு முந்தின நாள், எங்கள் சந்தில் எல்லாப் பெண்களும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். அம்மா பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொள்வாள். அமாவாசைக்கு முன்னால் மூன்று, பின்னால் மூன்று. பௌர்ணமிக்கும் அப்படியே. சாயா குடித்துக்கொண்டே பதினோரு காலண்டருக்கும் ஒரே நாளில் சிவப்பு வைத்தார்கள். நானே பேனா மூடியைத் திறந்து கொடுத்திருக்கிறேன்.

சேச்சி வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அவள் காலண்டர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. காலையில் எழுந்ததும் தரையைப் பார்ப்பாள், எங்கள் படியைப் பார்ப்பாள், பிறகு புள்ளி வைத்து ஓரத்தில் ஏதோ எழுதுவாள். அவள் வீட்டில் நிஜமாகவே வெள்ளம் ஏறியது. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தாள். அடுப்பு கட்டிலின் மேலேயே இருந்தது. ஏறிய நாளில் சிவப்பு, ஏறாத நாளில் வெறும் கட்டம். அம்மா ஒரு நாள் தன் மானத்தையெல்லாம் விட்டு அவள் வாசலில் போய் நின்றாள்.

"சேச்சி, ரெண்டு பொட்டு சேத்து வச்சா யாருக்கு நஷ்டம்? உனக்கும்தானே ஃப்ளாட்டு."

"கேறின அன்னைக்கு வச்சிருக்கேன்."

"எங்க வீட்டைப் பத்தி எதுவும் எழுதாம இரு. அது போதும்."

"எழுதச் சொன்னாங்களே" என்றாள் சேச்சி.

திரும்பி வந்து அம்மா அழுதாள். "பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட வெள்ளம் வருதுன்னா. வீடு தர வந்தவங்ககிட்ட வெள்ளம் வரலைங்கறா. இவளுக்கு நாம என்ன பாவம் செஞ்சோம்?" சேச்சி செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று அன்று உண்மையிலேயே நினைத்தேன்.

பங்குனிக்கு நேரான மீன மாதம் முடிந்து காலண்டர்களைச் சேகரித்துக் கரைக்குக் கொண்டுபோனோம். யூனிவர்சிட்டியில் மேடத்தின் அறையில் மின்விசிறிக் காற்றில் எல்லாக் காலண்டரும் படபடத்தன. மேடம் முட்டாள் இல்லை. எங்கள் சந்தின் பன்னிரண்டு காலண்டர்களையும் மேசையில் பரப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பள்ளத்தில் இருக்கும் வீட்டில் வெள்ளம் இல்லாத நாளில், மேட்டில் இருக்கும் உன் வீட்டுக்குள் எப்படி வெள்ளம் வந்தது?" என்றார். சந்தேகமாகக் கேட்கவில்லை, கணக்கு இடிக்கிறதே என்று கேட்டார். "பதினொன்றும் தப்பாக இருக்க வேண்டும், அல்லது இந்த ஒன்று தப்பாக இருக்க வேண்டும். பதினொன்றும் தப்பென்றால் அந்தச் சந்து முழுவதையுமே விட்டுவிட வேண்டியதுதான்."

பிறகு அந்த ஓரத்து எழுத்துகளைக் காட்டினார். தமிழ் எழுத்து. மேடத்துக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. "இது என்ன எழுதியிருக்கிறார்கள்?"

நான் தமிழைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் இல்லை. பஜாரில் அப்பா தூக்கும் மிளகாய் மூட்டைகளின் மேல் இருந்த ஊர்ப் பெயர்களைக் கூட்டிக் கூட்டிப் படித்துப் பழகியவள். ஆனாலும் அன்று தண்ணீர் குடிப்பது போல வாசிக்க வந்தது. 'தனு பத்து. எதிர் வீட்டில் படி வரைக்கும். உள்ளே இல்லை.' 'தனு பதினொன்று. எதிர் வீட்டில் இல்லை. எனக்கு முழங்கால் வரைக்கும்.' ஒவ்வொரு நாளும் இருந்தது. ஒரு நாள்கூட விடவில்லை.

"சாமி பேரு மேடம்" என்றேன். "வெள்ளம் வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு எழுதியிருக்காங்க."

மேடத்தின் முகம் கனிந்தது. நான் விட்டிருக்கலாம். விடவில்லை. "அவங்களுக்குக் கண்ணும் சரியாத் தெரியாது மேடம். குத்துமதிப்பாத்தான் புள்ளி வைப்பாங்க."

வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். மேடம் அந்தக் காலண்டரைத் தனியாக எடுத்து வைத்தார். காலண்டர் இல்லையென்றால் அறிக்கையில் அந்த வீடு இல்லை. அறிக்கையில் இல்லையென்றால் ஃப்ளாட்டும் இல்லை. எனக்கு அது அப்போது தெரியாது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தெரியும். கழுத்தில் அட்டை போட்டவள் சொன்னாள், யூனிவர்சிட்டி நம்பியது. படகேறித் தீவுக்குப் போய் அவளிடமே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முழுவதும் கொட்டியிருப்பாள். அவர்களுக்கு ஒரு மனுஷியைக் கேட்பதைவிட அவளைப் பற்றி இன்னொருத்தியைக் கேட்பதுதான் பழக்கம்.

அங்கன்வாடியில் கூட்டம் போட்டு மேடம் பட்டியலை வாசித்தார். எங்கள் வீடு இருந்தது. சந்தில் பதினொன்றும் இருந்தன. அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். சேச்சி கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். வார்டு மெம்பர்தான் எழுந்தார். அவர் ஒரு நல்ல மனுஷன், அன்றைக்கு அது எங்களுக்கு வேண்டாத நல்லதனம்.

"மேடம், சேச்சி வீடு ஏற்கெனவே குழி. அது எப்படி லிஸ்ட்ல இல்லாம போச்சு?"

மேடம் காகிதத்தைப் புரட்டினார். நான் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மேடம் தலையை நிமிர்த்தி அன்பாகக் கேட்டார்.

"அம்மே, உங்களுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்றது நேராணோ? நிஜமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எடது கண்ணு தெரியாது" என்றாள் சேச்சி.

எனக்கு அது தெரியவே தெரியாது. சத்தியமாக. எதிர் வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் கவனித்ததில்லை.

"எத்தனை நாளா?"

"நாலஞ்சு வருஷமா. முழுக்க இருட்டு."

"பாவம்" என்று மேடம் மெம்பரைப் பார்த்துக் கையை விரித்தார். மெம்பர் உட்கார்ந்துவிட்டார். வலது கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நூல் கோக்கத் தெரியும், காயலில் போகும் படகின் பெயர் தெரியும் என்று. அங்கே இருந்த அத்தனை பெண்களுக்கும் அவளைத் தெரியும். ஒரே ஒரு கேள்வி போதும் என்பதும் தெரியும். அம்மா தன் முந்தானை நுனியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சந்தின் பட்டியலை மேடம் வாசிக்க ஆரம்பித்தார்.

மட்டாஞ்சேரி ஃப்ளாட்டில் எங்களுக்கு மூன்றாம் மாடி. தரை காய்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தத்துக்குக்கூட அம்மா முதல் மாதம் திடுக்கிட்டு எழுந்தாள், இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறாள். மேடம் கொடுத்த கடிதத்தில் எனக்கு யூனிவர்சிட்டியிலேயே எம்.ஏ. சீட் கிடைத்தது. அங்கே எங்கள் துறை வராந்தாவில் ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள். சேச்சியின் காலண்டரின் தனு மாதப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கீழே மலையாளத்தில், 'வெள்ளத்துக்கு அஞ்சி ஒரு தீவுப் பெண் எழுதிய பிரார்த்தனைகள்.' வகுப்புக்குப் போகும்போதெல்லாம் அதில் எழுதியிருக்கும் என் வீட்டுப் படியைத் தாண்டித்தான் போகிறேன். ஒருமுறை தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் அதன் முன்னால் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். கீழே இருந்ததையும் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் தூணோடு ஒட்டி நின்றேன். லேசாகச் சிரித்துவிட்டு சாயா குடிக்கப் போய்விட்டார்.

இதைத் தமிழில் எழுதுவதும் அந்த வராந்தாவில் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான்.

போன வாரம் சேச்சியை ஜெட்டியில் பார்த்தேன். பஜார் குடோனில் சுக்கு பொறுக்க வருகிறாளாம். இளைத்திருந்தாள். கணுக்கால்களில் உப்புத்தண்ணீர்ப் புண். நான் கும்பலில் நுழைந்து போய்விடப் பார்த்தேன். அவள்தான் கையைப் பிடித்தாள்.

"மோளே, ஒண்ணு கேக்கட்டா?"

என் ஆயுளில் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"நான் காலண்டர் ஓரத்துல தமிழ்ல எழுதியிருந்தேனே. அதை நீ வாசிச்சியா?"

கழுத்தில் தொங்கிய யூனிவர்சிட்டி அட்டையைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல சேச்சி. எனக்கு மலையாளம்தான் வாசிக்க வரும்."

ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் முகமெல்லாம் தளர்ந்தது. நம்பிவிட்டாள். பொய் சொல்லத் தெரியாதவளுக்குப் பொய்யைக் கேட்கவும் தெரியவில்லை.

"அதானே. எனக்கு அது தோணவே இல்ல பாரு. இப்பத்த பிள்ளைங்களுக்குத் தமிழ் எங்க வாசிக்க வருது" என்றாள். சுக்கு மணக்கும் கையால் என் கன்னத்தைத் தொட்டாள். "இத்தனை நாளா உன்மேல குத்தம் வச்சிட்டிருந்தேன் மோளே. வெறுத்தேன். ஒரு நாள் உன்னை நினைச்சு மண்ணை வாரித் தூத்தியிருக்கேன். தப்பு என்னுது. நீ பொறுத்துக்கணும்."

தீவுப் படகு வந்து முட்டியது. எல்லோரும் ஏறினார்கள். நான் பதில் சொல்லாமல் அவள் ஏறுவதாக இல்லை, கையை விடாமல் நின்றாள்.

"பரவால்ல சேச்சி, பொறுத்துட்டேன்" என்றேன்.